பழைய டிவி கச்சேரி கேசட்டைக் கலராக்கும் முன்

காரைக்குடியில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிச் சீரமைத்துத் தருவது என் தொழில். கல்யாணக் கேசட்டுகளும் கும்பாபிஷேகக் கேசட்டுகளும்தான் அதிகம் வரும். இடையிடையே, டிவியில் ஓடிய இசை நிகழ்ச்சியை யாரோ ஆசையாக வி.சி.ஆரில் பதிந்து வைத்த கேசட் ஒன்று வரும். வயலின் கச்சேரி, நாதஸ்வரம், வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒலியும் ஒளியும்’. கொண்டுவருகிறவர்கள் இப்போது கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏஐ போட்டுக் கலராக்கித் தர முடியுமா தம்பி?”

முடியும். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவசரத்தில் நல்ல பதிவுகள் பாழாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வீட்டில் கிடக்கும் பழைய வி.சி.ஆர். டெக்கைத் துடைத்துக் கேசட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பல, வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி, படைப்பு என்றால்தான் திறக்கிறார்கள். இரண்டாம் கட்டு அலமாரியில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் இறங்கினால் நாடாவில் பூஞ்சை பிடித்துவிடும். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடியோ நூலோ தெரிந்தால் அதுதான். அதை அப்படியே ஓட்டினால் நாடா அறுந்துபோகலாம். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும் பூஞ்சை அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். உலரவைத்து, திறந்து துடைத்து, தேவைப்பட்டால் கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டை மாற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும். கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. அதோடு புது டெக் வருவது நின்றுவிட்டது. இருக்கிற டெக்குகளை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இந்த வேலையை முடித்தாக வேண்டும்.

அடுத்தது, உங்கள் கேசட் உண்மையிலேயே கறுப்பு வெள்ளைதானா? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. தூர்தர்ஷனுக்கு வண்ணம் வந்தது 1982-இல். நம் வீடுகளுக்கு வி.சி.ஆர். வந்தது பெரும்பாலும் அதற்கப்புறம். ஆகவே பதிவு வண்ணத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவியாக இருந்திருக்கலாம், ஆனால் டெக் வண்ணத்தோடுதான் பதிந்திருக்கும். தேய்ந்த நாடாவில் வண்ண சிக்னல் பலவீனமானால், டெக் தானாகவே வண்ணத்தை வெட்டிவிட்டுக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும். ஹெட்டைச் சுத்தம் செய்து, நாடாவின் தடத்தில் ஹெட் பொருந்தும்படி டிராக்கிங்கைச் சரிசெய்து, வேறொரு டெக்கில் ஓட்டினால் வண்ணம் திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்றால் அது அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சியில் இருக்கும். நம் ஊர் டிவி முறையான ‘பால்’ (PAL) டெக்கில் அது வெறும் சாம்பலாகத் தெரியலாம், உருண்டுகொண்டும் ஓடலாம். இவற்றுக்கெல்லாம் கலராக்கும் மென்பொருளே வேண்டாம். சரியான கருவி இருந்தால் போதும்.

இங்கிலாந்தில் இதைவிட வியப்பான ஒன்று நடந்தது. பிபிசி பல நிகழ்ச்சிகளின் வண்ண நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது. சிலவற்றுக்கு, திரையைப் பார்த்துப் படமெடுத்த கறுப்பு வெள்ளைப் பிலிம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பிலிமில் பொடிப்பொடிப் புள்ளிகள் இருந்தன. அவை வண்ண சிக்னல் விட்டுச்சென்ற தடயம் என்று கண்டு, அவற்றிலிருந்தே அசல் வண்ணத்தை மீட்டார்கள். ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் ஓர் அத்தியாயம் 2008-இல் அப்படித்தான் வண்ணத்தில் மீண்டும் ஒளிபரப்பானது. அழுக்கு என்று நினைத்து யாராவது அந்தப் புள்ளிகளை முதலிலேயே துடைத்திருந்தால் வண்ணம் நிரந்தரமாகப் போயிருக்கும்.

சரி, பதிவு நிஜமாகவே கறுப்பு வெள்ளை என்றால்? அப்போது மென்பொருள் செய்வது ஊகம்தான். அதன் கையில் இருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டும். அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாகத்தான் அதற்குத் தெரியும். குன்னக்குடி வைத்தியநாதனின் நெற்றியை நினைத்துப் பாருங்கள். விபூதிப் பட்டை, நடுவில் பெரிய குங்குமம். கறுப்பு வெள்ளையில் அந்தக் குங்குமம் வெறும் கருவட்டம். இப்படிப்பட்ட பொட்டுகளை மென்பொருள் பழுப்பாக்கும், சில நொடிகளில் தோல் நிறத்தோடு கலந்தும் விடும். குன்றக்குடிக்காரர் நெற்றியை அப்படிப் பார்க்க நம்மால் முடியுமா?

கண்டாங்கிச் சேலையிலும் இதே சிக்கல்தான். உள்ளூர்க் கச்சேரி ஒன்றின் பதிவில், முன்வரிசையில் அமர்ந்திருந்தவரின் கண்டாங்கியை மென்பொருள் வெளிர்நீலமாக்கிவிட்டது. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் திரையைப் பார்த்ததுமே சொன்னார்: “நீலமா? அது கடுகு மஞ்சள்ல அரக்குக் கட்டம் தம்பி. எங்க அக்கா கட்டியிருந்தது.” அந்த நிறத்தை ஒரு பிரேமில் கையால் இட்டு, மற்ற பிரேம்களுக்கு அதையே பின்பற்றச் சொல்லி மென்பொருளுக்குக் கொடுத்தோம். சேலை சேலையானது. கலராக்கத்தான் வேண்டும் என்றால் இதுதான் வழி. அதே காலத்து வண்ணப் புகைப்படம், பெட்டகத்தில் இருக்கும் சேலை, அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் நினைவு எல்லாவற்றையும் முதலில் திரட்டுங்கள்.

படத்தைவிட எனக்குக் கவலை தருவது ஒலி. சத்தம் நீக்கும் மென்பொருள்கள், விடாமல் ஒரே சீராகக் கேட்பதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்கின்றன. கச்சேரியில் விடாமல் ஒரே சீராகக் கேட்பது எது? தம்புரா. நாதஸ்வரத்துக்கு, சுருதிக்காக விடாமல் ஊதும் ஒத்து. சுருதியையே வழித்தெடுத்துவிட்டு, “பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு” என்று கொடுக்கிறார்கள். கேட்டால் பாடகர் வெட்டவெளியில் நின்று பாடுவதுபோல் இருக்கும். வில் நரம்பில் உரசும் ஒலி, மிருதங்கத்தின் சாப்பு அடங்கும் ரீங்காரம் எல்லாம் அதோடு போய்விடும். மின்சார ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும்தான் வரும். அந்த இடங்களை மட்டும் மெல்லிசாக வெட்டினால் போதும். நாடா ஓசை கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

சுருதி அளவிலும் ஒரு விஷயம் உண்டு. சினிமாப் பிலிம் விநாடிக்கு 24 பிரேம், நம் தொலைக்காட்சி 25. பிலிமை 25 ஆக ஓட்டிக் காட்டியதால் ‘ஒலியும் ஒளியும்’ மாதிரி நிகழ்ச்சிகளில் பாட்டு சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடியிருக்கும். சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். அதை நான் திருத்துவதில்லை, குறிப்பு மட்டும் எழுதி வைப்பேன். ஒளிபரப்பில் அது அப்படித்தான் வந்தது. டெக் மெதுவாக ஓடிச் சுருதி இறங்கியிருந்தால் அது வேறு, கட்டாயம் திருத்த வேண்டும். காலம் சேர்த்த பழுதை எடுப்பதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். ஒளிபரப்பில் இருந்ததைத் தொட எனக்கு உரிமை இல்லை.

விரல்களையும் சொல்லியாக வேண்டும். டிவி படம் விநாடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவாகிறது. மாற்றும்போது பாதியை வீசி 25 ஆக்கினால் மிருதங்க விரல்கள் கலங்கிவிடும். பழைய வித்வான்களின் விரலைப் பார்த்துக் கற்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய நஷ்டம். 50 ஆகவே கேளுங்கள். முகத்தைக் கூர்மையாக்கும் ஏஐ-யும் வேண்டாம், அது வேறொரு முகத்தையே வரைந்துவிடும்.

வேலைக்குக் கொடுக்கும்போது மூன்று கோப்புகள் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்: எதுவும் தொடாத, தரம் குறையாத மாற்றுப்பிரதி, சீரமைத்த பிரதி, கலராக்கியது. முதலாவது ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி வரும். இடம் அடைக்கிறது என்று அதை அழித்துவிட்டு, வாட்ஸ்அப்புக்குச் சுருக்கியதை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் பலர். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். கலராக்கிய கோப்பின் பெயரிலேயே ‘பிறகு வண்ணமிடப்பட்டது’ என்று போடுங்கள். மாற்றியாயிற்று என்று கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். நாடாவை முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி, தரையிலிருந்து உயர்த்தி உலர்ந்த இடத்தில் வையுங்கள். யார் பாடினார், பக்கவாத்தியம் யார், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு உறையில் பென்சிலால் எழுதுங்கள்.