தண்டனைப் பிரிவை அப்புறம் பாருங்கள்

கம்யூனிசத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி வந்த சட்டம் எதைக் கையில் எடுத்தாலும், வழக்கறிஞராக நான் முதலில் தேடுவது வரையறைப் பிரிவைத்தான். எத்தனை ஆண்டு சிறை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1937-இல் கொண்டுவந்த 'பூட்டுச் சட்டத்தில்' அந்தப் பிரிவே கிடையாது. கம்யூனிசம் என்றால் என்னவென்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒரு வீட்டில் கம்யூனிசப் பிரச்சாரம் நடப்பதாக அட்டர்னி ஜெனரல் நினைத்தால், அந்த வீட்டை ஓராண்டு வரை பூட்டி வைக்கலாம். அந்தப் பதவியில் இருந்தவர் யார் என்கிறீர்கள்? மாகாண முதல்வர் துப்ளெசியேதான். முதலில் பூட்டு; தப்பு நடக்கவில்லை என்று நிரூபிக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில். 1949-இல் மாண்ட்ரியலில் ஒரு வாடகை வீடு இப்படிப் பூட்டப்பட, உரிமையாளர் வாடகைதாரர் மேலேயே வழக்குப் போட்டார். பூட்டியது அரசு, அடித்துக்கொண்டது இரண்டு தனிமனிதர்கள்! அந்த வாடகைத் தகராறுதான் உச்ச நீதிமன்றம் வரை போய், 1957-இல் சட்டத்தையே கவிழ்த்தது. அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

தென்னாப்பிரிக்காவின் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரையறை இருந்தது, ஆனால் எல்லையில்லாமல் இருந்தது. சட்டத்தை மீறி சமூக மாற்றம் கேட்டாலே கம்யூனிசம். நிறவெறிச் சட்டங்களை மீறி அறப்போராட்டம் நடத்திய மண்டேலாவும் மற்றவர்களும் 1952-இல் 'சட்டம் வரையறுத்த கம்யூனிசத்துக்காக' தண்டிக்கப்பட்டார்கள். கம்யூனிசம் என்று பொதுவாக அறியப்படுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்பளித்த நீதிபதியே சொன்னார்.

என்னைக் கேட்டால், இவற்றைவிட நயவஞ்சகமானது அமெரிக்காவின் 1962-ஆம் ஆண்டுத் தபால் சட்டம். அது எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து கம்யூனிசப் பிரச்சார ஏடு வந்தால் தபால் துறை அதை நிறுத்தி வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒரு அட்டை அனுப்பும். வேண்டும் என்று எழுதி அனுப்பினால்தான் ஏடு வரும். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் வேலை நிரந்தரமாகாத ஒரு பள்ளி ஆசிரியர் அந்த அட்டையில் கையெழுத்துப் போடுவாரா? 1965-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது இந்த அச்சத்தைத்தான் எடுத்துச் சொன்னது.

என் அலுவலகத்திலும் அந்த அச்சத்தைப் பார்க்கிறேன். "சார், இந்தப் புத்தகம் வீட்டில் இருந்தால் பிரச்சினையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். புத்தகத்துக்குத் தடை எதுவும் இருக்காது. கேட்பவர் அதற்குள் அதை அலமாரியிலிருந்து எடுத்து ஒளித்திருப்பார்.

இதெல்லாம் பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். தென்கொரியாவின் 1948-ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. வடகொரிய அரசுத் தரப்பின் ட்விட்டர் பதிவுகளைக் கிண்டலுக்காகப் பகிர்ந்த ஒரு இளைஞர் 2012-இல் கைதானார். மேல்முறையீட்டில் விடுதலையானார், சரி. ஆனால் அதுவரை கோர்ட்டுக்கு அலைந்தது அலைந்ததுதானே.

இப்படி ஒரு சட்டத்தின் பேரில் யாராவது வாசலில் வந்து நின்றால் வாதாட வேண்டாம். எந்தப் பிரிவு என்று கேளுங்கள், எழுத்துபூர்வ உத்தரவின் நகலைக் கேளுங்கள். எடுத்துச் செல்லும் பொருள்களின் பட்டியலில் 'சில புத்தகங்கள்' என்று இருந்தால், ஒவ்வொன்றின் தலைப்பையும் எழுதச் சொல்லுங்கள்.