ஊட்டிக்குப் போகும் உயரமானியும் வீட்டில் விட்டுச்செல்லும் அதன் இணையும்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள 46 கிலோமீட்டரை நீலகிரி மலை ரயில் காலைப் பொழுது முழுவதையும் எடுத்துக்கொண்டு ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்குகிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, சில இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற ஏற்றத்தில், குன்னூர் வரை பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. வீட்டில் தாமே செய்த மின்னணுக் கருவி ஒன்றைப் பிள்ளைகளோடு எடுத்துச் சென்று சோதித்துப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான பாதை எளிதில் கிடைக்காது. ஏற்றம் மிக அதிகம், வேகம் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, நிலையப் பெயர்ப்பலகையில் கடல்மட்ட உயரத்தை எழுதி வைக்கும் ரயில்வேயின் வழக்கத்தால், கருவி சொல்வது சரியா என்று அங்கங்கே சரிபார்த்துக்கொள்ளவும் முடிகிறது.

நான் சொல்லும் கருவி ஓர் உயரமானி. சிறிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, விரல் நுனியளவு திரை ஒன்று, மெமரி கார்டு, பவர் பேங்க், இவற்றோடு பி.எம்.பி.280 என்ற அழுத்த உணரி ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடக்கிவிடலாம். உணரியின் விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பள்ளிப் பிள்ளை ஒருவர் பெரியவர் துணையோடு ஒரு விடுமுறை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது. ஆனால் திரையில் மீட்டர் கணக்கில் எண் தோன்றுவதால் கருவி உயரத்தை அளக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தனக்கு மேலே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உயரம் என்பது அந்த எடையிலிருந்து நாம் செய்யும் ஊகம். அந்த ஊகம் எங்கெங்கே தவறுகிறது என்பதில்தான் இந்தக் கருவியின் சுவையே இருக்கிறது.

கடல்மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் நிற்கும் காற்றின் நிறை ஏறத்தாழ 10 டன். அது தரும் அழுத்தம் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல் (நூறு பாஸ்கல் சேர்ந்தது ஒரு ஹெக்டோபாஸ்கல்). மேலே ஏற ஏற நமக்குக் கீழே போய்விட்ட காற்று நம்மை அழுத்துவதில்லை என்பதால் அழுத்தம் குறைகிறது. இந்தக் குறைவு ஒரே சீராக நடப்பதில்லை. கடற்கரையில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய எட்டரை மீட்டர் அளவுக்கு ஏறினால் போதும்; உதகையில் காற்று ஏற்கெனவே மெலிந்திருப்பதால் அதே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 11 மீட்டர் ஏற வேண்டும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிக்கொள்வதும், காது அடைத்துப் பின் திறப்பதும், உதகையில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாவதும் இந்த ஒரே காரணத்தால்தான். கொதிநிலையைக் கொண்டே மலையின் உயரத்தைக் கணித்த நில அளவையாளர்கள் முன்பு இருந்தார்கள். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது அவர்கள் கணக்கு.

உணரியின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இரண்டரை மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அந்தச் சில்லின் உலோக மூடியில் ஊசி முனையளவு துளை ஒன்று உண்டு. அதன் வழியே புகும் காற்று, மிக மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்றை அழுத்துகிறது. சவ்வின் மறுபக்கம் காற்று நீக்கி மூடப்பட்ட வெற்றிடம் என்பதால், சவ்வு எவ்வளவு வளைகிறது என்பது வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டுமே பொறுத்தது. சவ்வின் மேலேயே பதிக்கப்பட்ட மின்தடைகள், அது வளையும்போது இழுபட்டும் நெருக்குண்டும் தம் மின்தடை மதிப்பை மாற்றிக்கொள்கின்றன. சிலிக்கானில் இந்த மாற்றம் சாதாரண உலோகத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது என்பதை 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்மித் காட்டினார். இன்றைய கைப்பேசிகளிலும் கைக்கடிகாரங்களிலும் இருக்கும் அழுத்த உணரிகளில் பல அந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றல்களே. நான்கு தடைகளை, தடையில் நேரும் சிறு மாற்றத்தையும் மின்னழுத்த வேறுபாடாகக் காட்டும் வீட்ஸ்டன் சுற்றாக இணைத்து, மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாட்டைப் பெருக்கி, எண்ணாக மாற்றித் தருவது மீதி வேலை. வெப்பநிலை மாறினாலும் தடைகளின் மதிப்பு மாறும் என்பதால் சில்லுக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சில்லையும் சோதித்து எடுத்த திருத்த எண்கள் அதன் நினைவகத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

இதன் நுட்பத்தைக் காட்ட மலைக்குப் போக வேண்டியதில்லை. டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுப் பிறகு சாப்பாட்டு மேசைக்குத் தூக்கினால், கிட்டத்தட்ட 9 பாஸ்கல் குறைவதைத் திரையில் பார்க்கலாம். அதாவது ஒரு ஹெக்டோபாஸ்கலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. என் மகள் இதைக் கண்டதும் டப்பாவோடு மாடிப்படியில் ஏறி இறங்கி, ஒவ்வொரு படிக்கும் எண் மாறுகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள். மாறத்தான் செய்கிறது. அளவுகளைச் சராசரி எடுத்து மென்மையாக்கும் வடிகட்டியை இயக்கினால் உணரியின் இரைச்சல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சமமான அளவுக்குக் குறைகிறது.

குடும்பத்தோடு மலையேறி அழுத்தம் பார்க்கும் வழக்கத்துக்கு நெடிய மரபும் இருக்கிறது. பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரன் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று, ஊர்ப் பெரியவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, காற்றழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயோடு பூய் த தோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரச மட்டம் அடிவாரத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பாடநூல்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கோ பெரியே செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது. கிளெர்மோன் நகரத்து மடாலயத் தோட்டத்தில் இரண்டாவது குழாய் ஒன்றை நிறுத்தி, நாள் முழுவதும் அதைக் கவனிக்கும்படி ஒரு துறவியிடம் ஒப்படைத்துவிட்டே அவர் புறப்பட்டார். கீழே இருந்த குழாயில் மட்டம் மாறவில்லை என்று துறவி சொன்ன பிறகுதான், மேலே கண்ட மாற்றம் மலையால் வந்தது, வானிலையால் வந்ததன்று என்று உறுதியாயிற்று. நம் ஊட்டிப் பயணத்துக்கும் அந்தத் துறவி தேவைப்படுகிறார். ஏன் என்பதை இரண்டு பிழைகளைக் கொண்டு விளக்கலாம்.

முதல் பிழை வெப்பத்தால் வருவது. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த நிரல்களில் பெரும்பாலானவை ‘தர வளிமண்டலம்’ என்ற கற்பனைக் காற்றை வைத்தே உயரத்தைக் கணக்கிடுகின்றன. அந்தக் காற்று கடல்மட்டத்தில் 15 டிகிரியில் இருக்கும். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போகும். கொங்கு நாட்டில் அப்படிப்பட்ட காற்றை எங்கே தேடுவது? மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரி, உதகையில் 18 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இடைப்பட்ட காற்றின் சராசரி வெப்பநிலை 25 டிகிரி; தர வளிமண்டலம் அதே உயரப் பகுதியில் 7 டிகிரிக்கும் குறைவாகவே எதிர்பார்க்கிறது. சூடான காற்று விரிந்து நிற்பதால், அதே அளவு அழுத்தம் குறைய இன்னும் அதிக உயரம் ஏற வேண்டியிருக்கிறது. கீழே 972 ஹெக்டோபாஸ்கலும் மேலே 784 ஹெக்டோபாஸ்கலும் பதிவானால், தர வாய்பாடு ஏற்றத்தை 1,764 மீட்டர் அளவில் சொல்லும். உண்மையான ஏற்றம் 1,877 மீட்டர். நூறு மீட்டருக்கும் மேல் விழுங்கிவிடுகிறது. உணரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அழுத்தத்தைச் சரியாகவே சொன்னது. கெல்வினில் எடுத்த சராசரி வெப்பநிலையை 29.27ஆல் பெருக்கி, அதை இரண்டு அழுத்தங்களின் விகிதத்துடைய இயல் மடக்கையால் பெருக்கினால் போதும், எண் பெயர்ப்பலகைக்கு மிக அருகே வந்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் மடக்கை எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு வரி நல்ல பதில். நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது என்பதால் ஈரப்பதமும் காற்றைச் சற்றே இலேசாக்கும். அதற்கான திருத்தம் இன்னும் சில மீட்டர்கள்.

இரண்டாவது பிழை இதைவிட விந்தையானது. டப்பாவை வீட்டில் ஒரே அலமாரியில் சில நாட்கள் அசையாமல் வைத்துப் பதிவுசெய்தால், வரைபடத்தில் நாளுக்கு இரண்டு அலைகள் எழுந்து விழுவதைக் காணலாம். காலை 10 மணியை ஒட்டி ஒரு முகடு, மாலை 4 மணிக்கு ஒரு பள்ளம், இரவு 10 மணிக்கு மறு முகடு, விடியற்காலை 4 மணிக்கு மறு பள்ளம். இது கடலில் எழும் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதை, போன்றதே என்றாலும், இதை எழுப்புவது பெரும்பாலும் சூரியனின் வெப்பம். மேலே ஓசோனும் கீழே நீராவியும் சூரிய ஒளியை உறிஞ்சிச் சூடாவதால் வளிமண்டலம் முழுவதும் இந்த அலை சுற்றி வருகிறது. ஐரோப்பாவில் அடிக்கடி மாறும் வானிலை இதை மறைத்துவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியிலோ புயல் இல்லாத நாட்களில் இது கடிகாரம்போல் ஒழுங்காகத் தெரியும். தென்னமெரிக்காவில் பயணம் செய்த அலெக்சாண்டர் ஹம்போல்ட் இந்த ஒழுங்கைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். காலை முகட்டுக்கும் மாலைப் பள்ளத்துக்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் வரை வேறுபாடு இருக்கும். உயரமானியின் கணக்கில் அது 25 மீட்டருக்கும் மேல். காலையில் மேட்டுப்பாளையத்தில் சரிசெய்துவிட்டுப் போன கருவி, மாலையில் இறங்கி வந்ததும் அதே நடைமேடையை 15, 20 மீட்டர் உயர்த்திக் காட்டினால் திகைக்க வேண்டியதில்லை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தால் பிழை இன்னும் கூடும்.

துறவியின் வேலையை வீட்டில் விட்டுச்செல்லும் இரண்டாவது டப்பா செய்கிறது. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாவும் ரயிலில் போகும் டப்பாவும் ஒரே ஓதத்தின் கீழ்தான் இருக்கின்றன. ஒவ்வொரு நிமிடமும் இரண்டும் பதிவுசெய்த அழுத்தங்களை ஒப்பிட்டு, வீட்டு டப்பாவில் நேர்ந்த ஏற்ற இறக்கத்தைப் பயண டப்பாவின் கணக்கிலிருந்து கழித்துவிட்டால், மாலைப் பிழையில் பெரும்பகுதி மறைகிறது. இதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும். இரண்டின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். வீட்டு டப்பா வைஃபை வழியே நேரத்தைப் பெற்றுக்கொள்ளும், பயண டப்பாவுக்கு பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்துவிடலாம். ஒரே வகை உணரிகளாக இருந்தாலும் அவை ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் உண்மை மதிப்பிலிருந்து ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை விலகியிருக்கலாம். புறப்படுவதற்கு முந்தைய இரவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின் நிலையான வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது கட்டாயம். டப்பாவில் காற்றுத் துளை இருக்க வேண்டும், ஆனால் உணரியின் மேல் வெயில் நேரே விழக் கூடாது; சிலிக்கான் ஒளி பட்டாலும் மின்னோட்டம் தரும் பொருள் என்பதால் அளவு பிசகும். மேட்டுப்பாளையம் வரை காரில் போகிறவர்கள் கதவைப் படாரென்று சாத்தும்போதெல்லாம் வரைபடத்தில் ஊசிபோல் ஒரு கோடு எழும். அதைக் கொண்டு யார் எங்கே இறங்கினார்கள் என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பது தனி விளையாட்டு.

வீட்டு டப்பாவைப் பயணம் முடிந்ததும் அணைத்துவிட வேண்டாம் என்றே சொல்வேன். 2022 ஜனவரி 15 அன்று தொங்கா தீவுக்கூட்டத்தின் கடலடி எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை, நொடிக்கு 300 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் உலகத்தைச் சுற்றி வந்தது. சுமார் 12,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தமிழ்நாட்டை அது அன்றிரவே கடந்தது. உலகெங்கும் இத்தகைய கைவினை அழுத்தமானிகளை வைத்திருந்த பலருடைய வரைபடங்களில் அந்தத் துடிப்பு பதிவாகியிருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு, செயற்கைக்கோள் வழிகாட்டி உயரத்தையும் சொல்லுமே என்று கேட்கலாம். சொல்லும், ஆனால் அதற்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. செயற்கைக்கோள்கள் அனைத்தும் நமக்கு மேலேயே இருப்பதால், கிழக்கு மேற்கு நிலையைக் காட்டும் துல்லியம் உயரத்தில் வருவதில்லை. மலைச் சரிவு வானத்தின் பாதியை மறைக்கும் குன்னூர்ப் பாதையில் எண் இன்னும் தடுமாறும். நல்ல கைப்பேசிகள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன: நெடுநேரச் சராசரிக்குச் செயற்கைக்கோள், நொடிக்கு நொடி மாறும் சிறு ஏற்ற இறக்கத்துக்கு அழுத்த உணரி. இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. செயற்கைக்கோள் முறை உயரத்தை அளப்பது பூமியின் வடிவத்துக்கு இணையாக வரையப்பட்ட ஒரு கணித நீள்கோளத்திலிருந்து. ஈர்ப்பு எங்கும் ஒரே அளவில் இல்லாததால் உண்மையான கடல்மட்டம் அந்த நீள்கோளத்தோடு ஒட்டி நிற்பதில்லை. உலகிலேயே அது மிக ஆழமாக, ஏறத்தாழ 106 மீட்டர், தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுவதும் அமைந்திருக்கிறது. வழிகாட்டிச் சில்லுகள் இதற்கான திருத்தத்தைத் தாமே செய்துவிட்டுத்தான் உயரத்தைச் சொல்கின்றன; செய்த திருத்தம் எவ்வளவு என்பதையும் தரவு வரியில் தனி எண்ணாகத் தருகின்றன. அந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டுக் கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று பார்த்தால், கால் நனைய நிற்பவரின் உயரம் கழித்தல் குறியோடு 90 மீட்டருக்கும் கீழே காட்டும்.