இலவசச் செயலிக்குள் போகும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

பல நாடுகளில் வகுப்பறைகளுக்குப் பழகிப்போயிருந்த வகுப்புத் தளமான எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. மாணவர்கள் காணொளியில் பதில் சொல்ல உதவிய ஃபிளிப், 2024 ஜூலையோடு தனிச் செயலியாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டுக்கு அதே ஆண்டு டிசம்பர் 31 கடைசி நாள். மூன்றும் இலவசம். மூன்றின் பின்னாலும் பெரிய நிறுவனங்கள் இருந்தன. நம்பிப் பாடங்களைக் குவித்து வைத்தவர்கள்தான் கடைசி வாரத்தில் அல்லாடினார்கள்.

அதனால் நூலகத்துக்கோ வகுப்புக்கோ ஒரு இலவசக் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது என்னவெல்லாம் செய்யும் என்ற பட்டியலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். உள்ளே போட்டதை முழுசாக வெளியே எடுக்க முடியுமா, இணையம் இல்லாத நேரத்திலும் ஓடுமா, பிள்ளைகளின் பெயரும் மின்னஞ்சலும் கேட்கிறதா? இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பள்ளி நூலகத்தில் வேலை தொடங்க வேண்டிய இடம் நூற்பட்டியல். மூவாயிரம் புத்தகத்துக்குக் கீழே என்றால் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை, இலவச அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபீஸின் விரிதாள் போதும் என்பது எங்கள் கருத்து. சேர்க்கை எண் (நூலகம் ஒவ்வொரு நூலுக்கும் தரும் வரிசை எண்), தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, ஐ.எஸ்.பி.என். (நூலின் சர்வதேச அடையாள எண்), வகைப்பாட்டு எண், விலை, அலமாரி என ஒன்பது பத்திகள். தட்டச்சு செய்வதற்கு முன்பே சேர்க்கை எண்ணையும் ஐ.எஸ்.பி.என்.னையும் ‘உரை’ வகைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 00125 என்ற சேர்க்கை எண் 125 ஆகிவிடும். எக்செல்லில் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். 9.78E+12 என்று சுருங்கித் தெரியும். அந்த நிலையில் கோப்பை சி.எஸ்.வி.யாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெற்று உரையாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிகிற சுருக்கமே பதிவாகும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். புத்தகத்தை மறுபடி அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

தமிழ்த் தலைப்புகள் ‘à®’ என்று குப்பையாகத் தெரிகின்றன என்பது அடிக்கடி வரும் புகார். கோப்பு பெரும்பாலும் கெட்டிருக்காது. சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எழுத்துகளை எண்களாகப் பதியும் குறிமுறையை எக்செல் தவறாக ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சேமிக்காமல் மூடிவிட்டு, ‘தரவு’ மெனு வழியாக யு.டி.எஃப்-8 என்ற குறிமுறையைச் சொல்லி உள்ளே கொண்டுவாருங்கள். லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே குறிமுறையைக் கேட்டுவிடும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் இருந்தால் கதை வேறு. எழுத்துருவை மட்டும் மாற்றிப் பயனில்லை, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு ஒருங்குறியாக்க (யூனிகோடாக்க) வேண்டும். மாற்றியபின் பத்து வரியையாவது கண்ணால் பாருங்கள். ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என இரண்டு எழுத்தாகப் பலர் அடித்திருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது.

ஆசிரியர் பெயர்தான் பெரிய தலைவலி. ‘கி. ராஜநாராயணன்’, ‘ராஜநாராயணன், கி.’, ‘கி.ராஜநாராயணன்’, ‘கி.ரா.’ என்று ஒரே ஆளைக் கணினி நாலு பேராக எண்ணும். இதைச் சீர்செய்ய ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உலாவியில் திறந்தாலும் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுகிறது, பட்டியல் எங்கும் போவதில்லை. ஆசிரியர் பத்தியில் ‘கிளஸ்டர்’ கட்டளை கொடுத்தால் ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காட்டும். அதன் முதல் முறை நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களை வரிசைப்படுத்தி ஒப்பிடுகிறது. ஆகவே முதல் இரண்டும் ஒன்றாகச் சேரும். தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி விடாத மூன்றாவது சேராது, புள்ளி போனதும் ‘கிராஜநாராயணன்’ என்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்னதாகவே புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி சேர்த்துவிட வேண்டும். ‘கி.ரா.’வை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது. நூலகர் கைவைத்தால்தான் உண்டு.

பட்டியல் சுத்தமானபின் கோஹாவுக்குப் போகலாம். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த திறமூல நூலக மேலாண்மை மென்பொருள் இது. லினக்ஸ் தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் நிறுவ முயல வேண்டாம். நிறுவியபின் தமிழ் நூலகங்களுக்கு வருகிற விசித்திரமான சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பு திரையில் அழகாகத் தெரியும், அதே தலைப்பைத் தேடினால் ‘எதுவும் இல்லை’ என்று வரும். கோஹாவுக்குள் தேடித் தரும் செப்ரா தேடுபொறியின் வழக்கமான குறியீட்டு முறை லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்து அமைந்தது என்பதே காரணம். அதை, பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றி, சொற்குறியீட்டை முழுவதுமாக மறுபடி கட்டச் சொல்லுங்கள். அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு மறுகட்டுமானத்தை விட்டுவிட்டால் பழைய நூல்கள் தொடர்ந்து ஒளிந்தே இருக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து பதிவுகளை இறக்கும் வசதியையும் தமிழ் நூல்களுக்குப் பெரிதாக நம்ப வேண்டாம். கிடைப்பவை பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும், தலைப்பைத் தமிழில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அரசு நூலகம் என்றால் தேசியத் தகவலியல் மையத்தின் நூலக மென்பொருளான இ-கிரந்தாலயாவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அலமாரியில் கியூ.ஆர். குறியீடு ஒட்டும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லும் தளங்கள் பல, உங்கள் முகவரிக்குப் பதில் தங்கள் சுருக்க முகவரியைக் குறியீட்டுக்குள் வைத்துவிடுகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லும் பக்கம்தான் திறக்கும். ஒட்டியதையெல்லாம் உரிக்க வேண்டியதுதான். அச்சடிக்கும் முன் கைபேசியில் வருடி, திறக்காமலே, தெரிகிற முகவரி உங்களுடையதா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் ‘செருகு’ மெனுவிலேயே கியூ.ஆர். வசதி இருக்கும்போது வேறு தளம் எதற்கு? தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை அப்படியே ஒட்டினால் ஒரு தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்பது ரோமன் குறிகளாக விரிந்து, சதுரம் மணலைக் கொட்டியதுபோல் நெருங்கிவிடும். மலிவான கைபேசி திணறும். விக்கிப்பீடியா தானே தரும் குறுகிய முகவரியை எடுத்துக்கொண்டு, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டு அச்சடியுங்கள்.

மாணவர் கையில் கைபேசி இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் அட்டைகள் நல்ல வழி. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை. ஆசிரியர் தம் கைபேசியில் உள்ள பிளிக்கர்ஸ் செயலியால் வகுப்பை ஒருமுறை வருடினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். உழைக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமரா படிக்காது. கொஞ்சம் கனமான மங்கல் காகிதம் போதும். கறுப்புப் பகுதியை விரல் மறைக்கக்கூடாது. பெயர்ப் பட்டியலில் வரிசை எண்ணை மட்டும் கொடுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைச் சட்டம் எதிர்பார்க்கிறது. பெயரே தராவிட்டால் அந்தத் தலைவலி பெரிதும் குறையும். கேள்விகளையும் உங்கள் சொந்தக் கோப்பில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

இணையம் விட்டுவிட்டு வரும் பள்ளிக்கு, இணையமின்றி விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸைவிடப் பொருத்தமான கருவி எங்களுக்குத் தெரிந்து இல்லை. தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே ‘ஜிம்’ கோப்பாகக் கிடைக்கிறது. படத்துடன் ஒன்று, படமில்லாமல் ஒன்று. இணையம் உள்ள இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இடம் காலியாக இருந்தும் ‘கோப்பு மிகப் பெரிது’ என்று சொல்லும். எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிவிட்டு நகலெடுங்கள். மாற்றினால் அதில் உள்ளவை அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

நூலகக் கணினியில் கிவிக்ஸைத் திறந்து, மெனுவில் உள்ள உள்ளூர்ச் சேவையகத்தைத் தொடங்கினால் ஒரு முகவரி தெரியும். அதே வைஃபையில் இருக்கும் எந்தக் கருவியிலும் அதைத் தட்டினால் விக்கிப்பீடியா திறக்கும். ரவுட்டருக்கு இணைய இணைப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. நூலகக் கணினியில் திறக்கிறது, மாணவர் கணினியில் திறக்கவில்லை என்றால் விண்டோஸின் தீயரண் (ஃபயர்வால்) தடுத்திருக்கும்; முதல்முறை கேட்டபோது யாரோ ‘ரத்து’ அழுத்தியிருப்பார்கள். அதுவும் சரியாக இருந்தால் ரவுட்டரின் ‘விருந்தினர்’ வைஃபையில் இணைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த வலையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க அநேகமாக அனுமதி இருக்காது. முதன்மை வலைக்கு மாற்றினால் வேலை செய்யும்.