வாசலுக்கு முதுகு காட்டும் பூ

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. திண்ணைக்கும் தெருச்சுவருக்கும் இடையே நான்கடி அகலத்தில் ஒரு பாத்தி உண்டு. கனகாம்பரம் பட்டுப்போன பிறகு அந்த இடத்தில் சூரியகாந்தி விதைத்தேன். பன்னிரண்டு விதையில் ஒன்பது முளைத்தன. இரண்டு மாதத்தில் ஆள் உயரம் வந்து பூத்தும்விட்டன. பூத்த அன்று காலை அம்மா காபி டம்ளருடன் திண்ணைக்கு வந்தார். கண்ணில் பட்டதெல்லாம் ஒன்பது முதுகுகள்: பச்சைப் பச்சையாய்ச் செதில் அடுக்கிய, சொரசொரப்பான முதுகுகள். மஞ்சள் முகம் அத்தனையும் தெருவைப் பார்த்திருந்தது.

"தண்ணீர் ஊற்றுவது நாம், சிரிப்பது எதிர்வீட்டுக்காரர்களைப் பார்த்தா?" என்றார்.

சாயங்காலம் இந்தப் பக்கம் திரும்பிவிடும் என்று சமாதானம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே படித்தோம்! சாயங்காலம் வந்தது, சூரியன் வீட்டுக்குப் பின்னால் இறங்கியது, பூக்கள் அசையவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்குப் பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினேன்.

விரிந்த சூரியகாந்தி சூரியனைத் தொடர்வதில்லை. தொடர்வது அதன் இளம் பருவம். நான்கைந்து இலை விட்டதிலிருந்து மொட்டு முற்றும்வரை, செடியின் நுனி காலையில் கிழக்கே சாய்ந்திருக்கும். பகலோடு பகலாக மேற்கே வளையும். இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி கிழக்குக்கு வந்து விடியலுக்குக் காத்திருக்கும். பூ விரியும் தறுவாயில் இந்த ஆட்டம் அடங்கி, கிழக்கே பார்த்தபடி நின்றுவிடுகிறது. நாம் செடியை ஏறிட்டுப் பார்க்கத் தொடங்குவது பூத்த பிறகு. ஆட்டத்தைத் தவறவிட்டுவிட்டு, அசையாத பூவைப் பார்த்து அது திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எப்படித் திரும்புகிறது? தூங்குமூஞ்சி மரத்துக்கும் தொட்டாற்சுருங்கிக்கும் இலைக்காம்பின் அடியில் சின்ன வீக்கம் போல ஒரு மூட்டு இருக்கிறது. அதில் நீர் ஏறினால் இலை நிமிரும், வடிந்தால் மடங்கும். சூரியகாந்தித் தண்டில் அப்படி எந்த மூட்டும் கிடையாது. அது வளர்ந்தே திரும்புகிறது. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிட அதிகம் நீள்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் எட்டி நடை போட்டால் வண்டி மறுபக்கம் திரும்புமே, அதுபோல நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கத்தின் முறை. அது நீளும்போது நுனி கிழக்கே மீள்கிறது. அதனால்தான் வளர்ச்சி நின்ற செடியால் திரும்ப முடியாது. தண்டை நீட்டும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி குறைந்த குட்டை ரகச் செடியை ஆய்வாளர்கள் வைத்துப் பார்த்தார்கள். அது சூரியனைத் தொடரவில்லை. ஊக்கியை வெளியிலிருந்து கொடுத்ததும் வளர்ந்தது, வளையவும் செய்தது.

பகலில் வெயில் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் கிழக்கே போகச் சொல்வது யார்? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டேசி ஹார்மர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடியது. செடிகளை அறைக்குள் கொண்டுபோய், தலைக்கு மேல் அசையாத விளக்கு ஒன்றை வைத்தார்கள். தொடர்வதற்குச் சூரியன் இல்லை. ஆனாலும் சில நாட்களுக்குச் செடிகள் பழைய நேரப்படி கிழக்கும் மேற்குமாக ஆடிக்கொண்டிருந்தன. பிறகு விளக்குகளை வரிசையாக ஏற்றி அணைத்து, 30 மணி நேரத்தில் முடியும் ஒரு போலி நாளை உண்டாக்கினார்கள். செடிகள் தடுமாறிப்போயின. 24 மணி நேர நாளுக்குத் திரும்பியதும் ஒழுங்கு வந்துவிட்டது. ஆக, செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கோடையின் குறுகிய இரவுகளில் செடி வேகமாகத் திரும்பி, விடியலுக்குள் கிழக்கே சேர்ந்துவிடுவதையும் கவனித்தார்கள்.

மாடித் தோட்டக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய சேதி ஒன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. நாலாபுறமும் வெயில் படட்டும் என்று குரோ பேக்கை அவ்வப்போது திருப்பி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இளம் சூரியகாந்தித் தொட்டிகளை ஹார்மர் குழுவினர் தினமும் மாலையில் திருப்பி வைத்து, காலையில் தவறான திசையைப் பார்க்கும்படி செய்தார்கள். அந்தச் செடிகளின் உலர் எடையும் இலைப் பரப்பும் சுமார் 10 சதவீதம் குறைந்துபோயின. மொட்டு விரியும்வரை தொட்டியைத் தொடாமல் இருப்பதே செடிக்குச் செய்யும் உதவி.

ஜன்னலோரச் செடி வெளிச்சத்தைப் பார்த்து வளைவதும் இதுவும் ஒன்றுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஜன்னல் செடியை வளைப்பது நீல ஒளியை உணரும் ஒரு புரதம். சூரியகாந்தியும் அறைக்குள் வைத்தால் அந்த வழியில்தான் வளைகிறது. ஆனால் வெட்டவெளியில் நிற்கும் செடியில் வேறு மரபணுக்கள் வேலை செய்வதை அதே குழு 2023இல் கண்டது. நீல ஒளியை மறைத்தார்கள், புற ஊதாவை மறைத்தார்கள், சிவப்பையும் மறைத்தார்கள். வெளியில் நின்ற செடி எதையும் சட்டை செய்யாமல் சூரியனைத் தொடர்ந்தது. அறையில் வளர்ந்த செடியை வெளியே கொண்டுவந்து வைத்தால் முதல் நாளே தொடரத் தொடங்கிவிடுகிறதாம். ஒரு நிறம் மறைந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்படி பல வழிகள் வைத்திருக்கிறது போலும்.

சரி, கடைசியில் ஏன் கிழக்கு? தண்டு முற்றி வளர்ச்சி மந்தமாகும்போது, உள்கடிகாரம் செடியைக் காலை ஒளிக்கு அதிகமாகவும் மாலை ஒளிக்குக் குறைவாகவும் இணங்க வைக்கிறது. மேற்கே போகும் தூரம் நாளுக்கு நாள் சுருங்குகிறது. ஒருநாள் கிழக்கிலேயே நின்றுவிடுகிறது. இதில் பூவுக்கு என்ன லாபம் என்றும் அதே குழுவினர் பார்த்தார்கள். விரிந்த பூக்களில் சிலவற்றைத் தொட்டியோடு மேற்கே திருப்பி வைத்தபோது, கிழக்கு முகப் பூக்களுக்கு அவற்றைப் போல ஐந்து மடங்கு தேனீக்கள் வந்தன. காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுவது ஒரு காரணம். மேற்குப் பூவுக்குச் சின்ன ஹீட்டர் வைத்துச் சூடேற்றியதும் அதற்கும் வருகை கூடியது. கலிபோர்னியாவின் குளிர்ந்த காலைக்கு இது பொருந்தும், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழிக் காலை ஆறரை மணிக்குத் தோட்டத்தில் நின்று பார்க்கலாம். வெயில் ஏறும்வரை தேனீ தலைகாட்டாது.

ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர்கள் 2020இல் இன்னொரு கணக்குச் சொன்னார்கள். பிற்பகலில் மேகம் கூடும் ஊர்களில், கிழக்குப் பார்த்த பூவுக்கே மொத்தத்தில் அதிக வெயில் கிடைக்கிறது என்பது அது. பிற்பகலில் இடி இடிக்கும் நம் கோடை மழையை நினைத்தால் எனக்கு இந்தக் கணக்கும் பிடித்திருக்கிறது.

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் வயல்களில் ஆடி மாதவாக்கில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். கேரளத்திலிருந்து கார் கார்களாக வந்து படம் எடுப்பார்கள். மாலைச் சூரியனை எதிரில் வைத்து எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வயல் முழுக்க முதுகுதான் அகப்படும். காலையில் போய், வெயில் நம் முதுகில் படும்படி கிழக்கே நின்றால், ஆயிரம் முகங்கள் நம்மைப் பார்க்கும்.

பெயர் வைத்தவர்களும் நம்மைப் போலவே ஏமாந்திருக்கிறார்கள். தமிழ் அகராதியில் இதற்குப் பொழுதுவணங்கி என்று ஓர் அழகான பெயர் கிடக்கிறது. ஆனால் செடி நமக்குப் புதிது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 4,000 ஆண்டுகளுக்கும் முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் இதைப் பயிராக்கினார்கள். ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள்; எண்ணெய்ப் பயிராக வளர்த்தெடுத்தது ரஷ்யா. அந்த ரஷ்ய ரகங்கள் இந்தியாவுக்கு வந்தது 1969இல். சங்கப் புலவர்கள் கதிரவனை எதிர்கொள்ளும் பூ என்று பாடியது நெருஞ்சியை. காலில் குத்தும் அதே நெருஞ்சிதான்.

இனிப் பூவுக்குள் போகலாம். பூ என்று நாம் சொல்வது ஒரு பூவே இல்லை, ஒரு ஊர். ஓரத்தில் இருக்கும் மஞ்சள் 'இதழ்' ஒவ்வொன்றும் தனிப்பூ, ஆனால் மலட்டுப் பூ. தேனீக்கு விளம்பரப் பலகை அது. நம் கண்ணுக்கு முழுக்க ஒரே மஞ்சளாகத் தெரியும் அந்தப் பலகை, புற ஊதாவைப் பார்க்கும் தேனீக்கு நடுவில் கறுத்து ஓரத்தில் பளிச்சிடும் வளையமாகத் தெரிகிறது. கறுப்பைத் தரும் நிறமி வறண்ட இடங்களில் இதழ் நீரை இழக்காமல் காக்கவும் உதவுகிறது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள்.

நடு வட்டில் நூற்றுக்கணக்கில், பெரிய தலையென்றால் ஆயிரத்துக்கும் மேல், குட்டிக் குழல் பூக்கள். இவைதான் விதையாகின்றன. ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒரு நாளைக்குச் சில வரிசைகளாக விரியும். முழு வட்டும் விரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒவ்வொரு குட்டிப் பூவும் முதல் நாள் ஆணாக இருக்கிறது. கருஞ்சிவப்புக் குழலுக்குள் மகரந்தம் உதிர, உள்ளிருந்து வளரும் சூல்தண்டு துப்பாக்கிக்குச்சி போல அதை மேலே தள்ளுகிறது. மறுநாள் அந்தத் தண்டின் நுனி இரண்டாகப் பிளந்து சுருள்கிறது. இப்போது அது பெண். காலையில் ஒரு பூதக்கண்ணாடியோடு நின்றால் இந்த வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம்: வெளியே பெண், அடுத்து ஆண், நடுவில் இன்னும் மொட்டு.

தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத குணமும் சூரியகாந்தியில் பரவலாக உண்டு. வீரிய ஒட்டு ரகங்களில் இது குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. ஒற்றைச் செடி வைத்து ஒற்றைப் பூ பூத்து, ஆசையாக உடைத்துப் பார்த்தால் விதை அத்தனையும் பொக்காக இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஐந்தாறு செடிகளை ஒரே நாளில் விதையுங்கள். தேனீ நடமாட்டம் இல்லாத மாடியென்றால், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மெல்லிய துணியால் ஒரு பூவை ஒற்றி மற்றதை ஒற்றலாம். இரண்டு பூக்களை முகத்தோடு முகம் மெதுவாகத் தேய்ப்பதும் விவசாயிகள் செய்வதுதான். போரான் சத்துக் குறைந்த மண்ணிலும் விதை பொக்காகும். மகரந்தக் குழல் வளர அது வேண்டும். ஓரப் பூக்கள் விரியும் சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் வெண்காரம் கரைத்துப் பூவின் மேல் தெளிப்பார்கள். அளவு கூடினால் நஞ்சு.

இன்னொரு பொறி விதைப் பாக்கெட்டில் இருக்கிறது. ஜாடியில் வைத்தால் மேஜைத் துணி கறைபடாமல் இருக்க, மகரந்தமே இல்லாத அலங்கார ரகங்கள் விற்பனைக்கு வருகின்றன. பிரான்சில் 1969இல் காட்டு இனத்தோடு கலந்து கிடைத்த ஆண்மலட்டுத் தன்மைதான் இன்றைய வீரிய ஒட்டு விதைத் தொழிலுக்கே அடித்தளம். அதே குணம் பூ வியாபாரத்துக்கும் கைகொடுத்தது. அதை மட்டும் நட்டுவிட்டு விதைக்குக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

வட்டில் தெரியும் சுருள்களைப் பற்றி எழுதாவிட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். ஒவ்வொரு புதுப் பூவும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை தள்ளி முளைக்கிறது. அதன் விளைவாக ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்று பிபனாச்சி எண்களில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் 1, 2, 3, 5, 8 என்ற வரிசை) சுருள்கள் அமைகின்றன. கணினி மேதை ஆலன் டூரிங் கடைசிக் காலத்தில் இந்தப் புதிரோடு மல்லாடினார். அவர் நினைவாக 2012இல் மான்செஸ்டரில் நடந்த ஒரு திட்டத்துக்காகப் பொதுமக்கள் வளர்த்த பூக்களில் 657 தலைகளை எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கணக்குக்குள் வந்தன. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அடங்கவில்லை. தெய்வ விகிதம், பிரபஞ்ச ரகசியம் என்றெல்லாம் அடித்து விடுபவர்கள் அந்த ஐந்தில் ஒன்றைச் சொல்வதே இல்லை.

வளர்ப்பில் பெரிய வித்தை கிடையாது. ஆணிவேர் மண் கிடைத்தால் ஆறடிவரை இறங்கும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் அது முறியும். ஆகவே ஓர் அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றுவது நல்லது. செடிக்குச் செடி ஓரடி. தொட்டியென்றால் ஆழமான தொட்டி, குட்டை ரகம். எரு போதும், யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கொழுத்துத் தலை கனத்துக் காற்றில் சாய்ந்துவிடும். வறுத்த விதையை வாங்கி ஊன்றிவிட்டு முளைக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன உறவினர் ஒருவர் எனக்கு உண்டு.

இந்த முறை அம்மாவுக்காக இரண்டு செடிகளைத் தொட்டியில் வைத்து, பூ விரிந்த பிறகு திண்ணையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். தண்டு வளர்ச்சி நின்றுவிட்டதால் அவை அப்படியே நின்றன. அம்மாவுக்கு ஒரு வாரம் சந்தோஷம். அதற்குள் இதழ்கள் வாடி, தலைகள் கவிழத் தொடங்கின; பச்சைக்கிளிகள் எதிர்வீட்டுக் கம்பியில் வந்து உட்கார்ந்து நோட்டம் விட்டன. கிளிகள் பறிப்பதற்கு முன் பூக்களுக்குக் கொசுவலைத் துணியால் பை கட்டினேன்.

எப்போது அறுப்பது என்று அறிய முகத்தைப் பார்த்துப் பயனில்லை. விதை முற்றிய அறிகுறி பூவின் பின்புறத்தில் தெரியும். பச்சை போய் எலுமிச்சை மஞ்சளாகும். பாத்தியில் நின்ற பூக்களின் முதுகு முழுக்கத் திண்ணைப் பக்கம்தானே. ஒருநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, அம்மா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்.

"கடைசியில் நிற்கும் மூன்றும் மஞ்சளாகிவிட்டன. அரிவாளை எடுத்து வா."