‘கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா?’ என்று கேட்பதற்கு முன்

கை தடுமாறுகிறது என்பதற்காக மட்டும் நரம்பியல் மருத்துவரைத் தேடி வருபவர்கள் குறைவு. தலைவலிக்கு வருவார்கள், கழுத்து வலிக்கு வருவார்கள், தூக்கம் வரவில்லை என்று வருவார்கள். எல்லாம் பேசி முடித்து எழும்போது, கூட வந்த மனைவியோ மகனோ, “இப்பல்லாம் எதை எடுத்தாலும் கீழ போட்டுடுறார் டாக்டர், கவனமே இல்ல” என்று குறைபட்டுக்கொள்வார்கள். பல நேரங்களில் அதுவரை பேசியதை எல்லாம்விட முக்கியமான தகவல் அதுதான். எழுந்தவரை மறுபடி உட்கார வைத்து அங்கிருந்து விசாரிக்கத் தொடங்குவேன்.

சிலர் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பந்து பிடிக்க வராது, ஷூ கயிறு கட்ட வராது, நடக்கும்போது மேஜை முனையில் இடித்துக்கொள்வார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு உடல் இயக்க ஒருங்கிணைப்பில் இப்படியொரு வளர்ச்சிக் குறைபாடு உண்டு. அதற்குப் பயிற்சிகள் இருக்கின்றன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வருவது, நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த கை இன்று சொன்னபடி கேட்காமல் போவதைப் பற்றி.

ஒரு தம்ளரை எடுக்க, கண் தூரத்தை அளக்க வேண்டும். மூளை உத்தரவிட வேண்டும். கை நகர நகர, அதன் வேகத்தையும் திசையையும் சிறுமூளை திருத்திக்கொண்டே வர வேண்டும். தண்டுவடமும் நரம்பும் உத்தரவைக் கீழே கொண்டுசேர்க்க வேண்டும், தசை இறுக வேண்டும். விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்ற செய்தி திரும்ப மூளைக்குப் போக வேண்டும். இதில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவது தம்ளர் கீழே விழுந்தது மட்டும்தான். அதனால் நான் முதலில் கேட்பது, “எப்போதிலிருந்து?” அடுத்தது, “ஒரு கையா, இரண்டு கையுமா?” இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தாலே பாதி வழி வந்துவிடலாம்.

நிமிடங்களில் தொடங்கிய தடுமாற்றம் என்றால் எனக்கு வேறு எந்தச் சந்தேகமும் முதலில் வராது: பக்கவாதம். கை முழுவதுமாக விழுந்துபோவதைத்தான் மக்கள் பக்கவாதம் என்று நினைக்கிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் 1967-இல் விவரித்த ஒரு வகை இருக்கிறது. மூளையின் ஆழத்தில் மிகச் சிறிய ரத்தக்குழாய் ஒன்று அடைபடுகிறது. பேச்சு லேசாகக் குழறும், ஒரு கை நுணுக்கமான வேலைகளில் தடுமாறும், அவ்வளவுதான். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். இவர்கள் ‘அசதி’ என்று சொல்லிப் படுத்துவிடுகிறார்கள். காலையில் எழும்போது சிகிச்சைக்கான நேரம் கடந்திருக்கும்.

சிறுமூளையில் வரும் பக்கவாதமும் இப்படி ஏமாற்றும். முகம் கோணாது, கை விழாது. தலைசுற்றும், வாந்தி வரும், நேராக உட்காரவோ நடக்கவோ முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வார். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வாந்தி மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது மிகவும் ஆபத்தானது. திடீரென்று தள்ளாட்டம் வந்து பிடிமானம் இல்லாமல் நிற்கக்கூட முடியவில்லை என்றால், ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போய்விட வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வந்த வேகத்தில் சரியாகிவிடும் தடுமாற்றம். கணினியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வலது கையிலிருந்து மவுஸ் நழுவுகிறது. விரலை வைக்க நினைத்த எழுத்தில் விரல் போய் நிற்கவில்லை. கால் மணி நேரம் கழித்து எல்லாம் பழையபடி. வேலையைத் தொடர்கிறார், வீட்டில் சொல்லக்கூட மறந்துவிடுகிறார். இது ‘மினி ஸ்ட்ரோக்’காக இருக்கலாம். ரத்தக்கட்டி வந்து அடைத்து, தானாகவே கரைந்துபோயிருக்கிறது. அடுத்த கட்டி கரையுமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முழுப் பக்கவாதம் தாக்கும் ஆபத்து அடுத்து வரும் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டதே என்று விடாமல் அன்றைக்கே போனால், காரணத்தைக் கண்டுபிடித்துப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தடுக்க முடிகிற ஒன்று என்பதால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ரத்தக்குழாய் பெரிதாக அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006-இல் வெளியான கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய்வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சையை, அதற்குப் பொருத்தமான சிலருக்கு மட்டும் 24 மணி நேரம்வரைகூடச் செய்கிறோம். இந்த நேரம் ஓடத் தொடங்குவது அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த கணத்திலிருந்து. அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் மூளைக்கு எரிபொருள் போதாது. கை நடுங்கும், பொருள் நழுவும், வாய் குழறும், சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்து அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே இருக்கும். வியர்ப்பது வழக்கமான அடையாளம்தான், ஆனால் வயதானவர்களுக்கு அது இல்லாமலும் போகலாம். நினைவோடு, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ‘இப்ப தெளிவாயிட்டார்’ என்று தனியே விட்டுவிடாதீர்கள்.

சில நாட்களாகத் தடுமாற்றம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது மாத்திரைப் பை. சீட்டு போதாது, வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரைகளும் வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை, பழைய தூக்க மாத்திரை, நரம்பு வலிக்கு வேறொருவர் எழுதிய பிரிகாபலின் எல்லாம் ஒரே பையில் இருக்கும். ஒவ்வொன்றும் தனியாக லேசான மயக்கம்தான் தரும், சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால், மருந்தை வெளியேற்றும் ஈரலின் திறன் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு மாத்திரையைச் சிறிதளவு கூட்டினாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு கிடுகிடுவென ஏறும். போதையில் இருப்பவர்போல நடை தள்ளாடும், கண்மணி துடிக்கும். குடித்திருக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் பேசி, அந்த மனிதர் கூனிக்குறுகி வந்து நிற்பார். ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், உண்மை தெரிந்துவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு திரும்பி வரும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்றால் காற்றைச் சந்தேகியுங்கள். மூடிய குளியலறையில் எரியும் கேஸ் ஹீட்டர், உள்ளே ஓடும் ஜெனரேட்டர், அறையில் வைத்த கரி அடுப்பு இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும், யோசிப்பதெல்லாம் அப்புறம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கோணலாகிறது. தட்டைப் போடுகிறாள், உட்கார்ந்த இடத்தில் நெளிகிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், காரணமில்லாமல் அழுகிறாள். வகுப்பிலும் திட்டு, வீட்டிலும் திட்டு. சில வாரங்களோ மாதங்களோ முன்பு வந்த தொண்டைப்புண்ணின் பின்விளைவாக வரும் சிடன்ஹாம் கோரியா என்ற நோய் இப்படித்தான் தொடங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தாக்குகிறது. 5 முதல் 15 வயதுக்குள் அதிகம், பெண் குழந்தைகளுக்குக் கூடுதல். என் விரல்களைப் பிடித்து அழுத்தச் சொன்னால், அந்தப் பிடி ஒரே சீராக இருக்காது. இறுகும், தளரும், மறுபடி இறுகும். கை தடுமாற்றம் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். இதே நோய் இதய வால்வையும் பாதித்திருக்கலாம் என்பதால் எக்கோ எடுத்துப் பார்ப்பதும், பல ஆண்டுகள் பெனிசிலின் தொடர்வதும் அவசியம். திட்டு வாங்கிக்கொண்டே நாட்களைக் கடத்தும் குழந்தைக்கு இது கிடைக்காமல் போகிறது. சின்னக் குழந்தைக்குத் திடீர் தள்ளாட்டம் என்றால், அம்மை போன்ற வைரஸ் காய்ச்சல் அண்மையில் வந்ததா, பெரியவர்களின் மாத்திரை எதையும் விழுங்கியதா என்று பாருங்கள். காலையில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்திருந்தால் அன்றே மூளை ஸ்கேன் வேண்டும்.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக ஏறியதும் ஒருநாள் ‘திடீரென்று’ தான் கண்ணில் படும். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, சாவியைத் துவாரத்தில் நுழைக்க இரண்டு கையும் தேவைப்படுகிறது, தரையில் விழுந்த நாணயத்தை எடுக்க முடியவில்லை, கூடவே நடையில் ஒரு விறைப்பு. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் நசுங்கும்போது இப்படி ஆகும். கழுத்தில் வலியே இல்லாமலும் இருக்கும் என்பதுதான் சிக்கல். விரல் மரத்துப்போவதை மட்டும் பார்த்து மணிக்கட்டு நரம்பு அழுத்தம், அதாவது கார்ப்பல் டனல் என்று முடிவுகட்டி, மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு. கார்ப்பல் டனலில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும், இரவில் எழுப்பிவிடும், உதறினால் சற்றுக் குறையும், கால் பாதிக்காது. நடையும் மாறியிருந்தால் கழுத்தைப் பார்த்தே தீர வேண்டும். நான் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். விரல்களை முழுதாக விரித்து, முழுதாக மூடி, முடிந்த வேகத்தில் பத்து விநாடி செய்யுங்கள். ஆரோக்கியமான கைக்கு 20 முறையாவது வரும். அதற்கு நன்றாகக் குறைந்தாலோ, ஒரு கை மட்டும் பின்தங்கினாலோ எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை சிகிச்சை பாதிப்பு மேலும் கூடாமல் நிறுத்தும்; இழந்ததை எல்லாம் திருப்பித் தரும் என்று சொல்ல முடியாது.

வைட்டமின் பி12 குறைவுக்கு வேறு மாதிரி அடையாளம். கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாட்டம் வரும், இருட்டில் நடக்கப் பயம் வரும், செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகாததால், கண்ணை வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். பல ஆண்டுகள் மெட்ஃபார்மினோ அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதியவர் என்றால் கடந்த சில வாரங்களில் தலையில் லேசாக இடித்துக்கொண்டாரா என்று கேட்பேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு மூளை உறைக்கு அடியில் மெதுவாக ரத்தம் சேரலாம். எப்போதும் ஒரே பக்கத்துக் கதவுநிலையில் இடித்துக்கொள்பவருக்குக் கையைவிடப் பார்வைப் புலத்தை, அதாவது அந்தப் பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். எழுத்து நாளுக்கு நாள் பொடியாகி, ஒரு பக்கக் கை மந்தமாகிக்கொண்டே போனால் பார்க்கின்சன் நோயாக இருக்கலாம்.

இத்தனையும் படித்துவிட்டு யாரும் மிரள வேண்டாம். தடுமாற்றத்துக்குத் தூக்கக் குறைவு போன்ற சாதாரணமான காரணமும் இருக்கலாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல மங்கிவிடும் என்று 1997-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அசதியால் வரும் தடுமாற்றம் இரண்டு கையையும் பாதிக்கும், நன்றாகத் தூங்கினால் போய்விடும், வாய் குழறச் செய்யாது. அதே கை, அதே பக்கம், அதே வேலை என்று திரும்பத் திரும்ப நடந்தால் அதை அசதியில் சேர்க்க முடியாது.

மருத்துவரைப் பார்க்க வரும்போது, தடுமாறும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ, ஓராண்டுக்கு முந்தைய கையெழுத்து, இன்று எழுதியது, மாத்திரைப் பை ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். காரணம் தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம், ஏணியில் ஏற வேண்டாம், கொதிக்கும் பாத்திரத்தை அவர் இறக்க வேண்டாம். கழுத்தைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கெடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நசுங்கியிருக்கும் தண்டுவடத்துக்கு அந்த ஒரு திருப்பலே போதும், கை காலே வராமல் போகலாம்.