பதினோரு மணிப் பசி

மதுரையில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "இனிமேத்தான்" என்ற பதில் வருவது சாதாரணம். எட்டு மணிக்கே வீட்டில் இட்லியை முடித்தவர்கூட, கறிதோசை வாசனை மூக்கில் ஏறியதும் கடைப்பக்கம் ஒதுங்குவார். இத்தனைக்கும் சராசரி உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு சில வாரங்களுக்குக் காணும். அப்புறம் எதற்கு இந்தப் பசி?

இரைப்பையின் மேற்பகுதியில் கிரெலின் என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டுபிடித்தது. ரத்தத்தில் அது கூடினால், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பசியைக் கிளப்பும். சாப்பிட்டதும் அது இறங்கிவிடும் என்பதில் ஆச்சரியம் இல்லை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் வேளை நெருங்கும்போதே ஏறத் தொடங்குகிறது என்பதுதான் விஷயம். ஒரு நாளுக்கு மேல் பட்டினி இருந்தவர்களின் ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டு வேளையில் ஏறிய கிரெலின், ஒரு பருக்கைகூட உள்ளே போகாமலே, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியிருக்கிறது. சஷ்டி விரதம் இருக்கும் அப்பத்தாக்களுக்கு இது பழைய செய்தி. "ஒரு மணிக்கு வயித்தக் கிள்ளும், மூணு மணிக்குப் பசி செத்துப் போகும்" என்பார்கள்.

ஆக, தினமும் பதினோரு மணிக்குச் சாப்பிட்டுப் பழகினால் பசியும் அந்த நேரத்தைப் பழகிக்கொள்ளும்.

பழக்கம் மட்டும் காரணமில்லை. அமெரிக்காவில் 12 பேரை மங்கலான வெளிச்சத்தில், மணி தெரியாமல் தங்கவைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2013-இல் அது வெளியானது. தூக்கம், சாப்பாடு இவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்தபோதும், உடம்பின் உள்கடிகாரப்படி பசி காலை எட்டு மணிவாக்கில் மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணிவாக்கில் உச்சத்திலும் இருந்தது. காலையில் இட்லியைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளையை இனிக் கொஞ்சம் கருணையோடு பார்க்கலாம்.

சரி, தூங்கா நகரத்தின் தூக்கத்துக்கு வருவோம். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், பசியை அடக்கும் ஹார்மோன். 2004-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரமே படுக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால், லெப்டின் 18 சதவீதம் குறைந்து, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள்மேல் ஆசையும் ஏறியது. பிந்தைய ஆய்வுகளில் ஹார்மோன் கணக்கு எல்லா நேரமும் இப்படியே வரவில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. என் கணிப்பில், நம்மூர்த் தொப்பைக்குப் பரோட்டாவை மட்டும் திட்டுவது நியாயமில்லை. கண்விழிப்புக்கும் பங்கு உண்டு.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே மல்லிகை மூட்டையைப் பிரிப்பவருக்கு நேரம் பார்த்துச் சாப்பிட்டுத் தூங்கும் வசதியெல்லாம் கிடையாது. அவர் சாப்பிடும் நேரத்தை வேலைதான் தீர்மானிக்கிறது. அவரைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் இன்சுலினின் வேலை மந்தப்படுகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் ஏறும் நேரத்தில் கணையம் இன்சுலினைக் குறைத்தே சுரக்கிறது. அதனால் அதே இட்லி, அதே எண்ணிக்கை, காலையில் ஏற்றுவதைவிட நடுராத்திரியில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றிவிடும்.