கவுனை விடுங்கள், தலையைப் பாருங்கள்

இந்த முறையும் மாணவர் கட்டுரைக் கட்டில் அதே வரி: "பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் 'குடைகள்' ஓவியத்தில் இடப்பக்கம் நிற்கும் பணக்காரச் சீமாட்டி..." ஐயா, அவள் சீமாட்டி இல்லை. கடையில் வேலை செய்து பிழைக்கும் பெண். கையில் இருப்பது சரக்குக் கூடை. படத்தை வெட்டி ரீல்ஸில் போடுகிறவர்கள் முதலில் வெட்டித் தள்ளுவதும் அந்தக் கூடையைத்தான்.

உடை நன்றாக இருந்தால் பணக்காரி என்ற கணக்கைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில் தையல் இயந்திரம் வந்தாயிற்று, ஆயத்த ஆடை விற்கும் பெரிய கடைகள் வந்தாயிற்று, பழைய துணிக்குத் தனிச் சந்தையே இருந்தது. கையில் கொஞ்சம் காசு உள்ள எந்தப் பெண்ணும் பாங்காக உடுத்த முடிந்தது. ஆனால் வசதியான வீட்டுப் பெண் தொப்பியும் கையுறையும் இல்லாமல் தெருவில் கால் வைக்கமாட்டாள். இவளுக்கோ வெறுந்தலை, வெறுங்கை. சுற்றிலும் பலர் குடை பிடித்திருக்க இவளிடம் குடையும் இல்லை. வலப்பக்கம் தாயும் குழந்தைகளும் தொப்பியோடு எவ்வளவு ஜோராக நிற்கிறார்கள் பாருங்கள்.

இது என் கற்பனை இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ரெனுவார் இவளுக்கு முதலில் தொப்பி வைத்து, அடுக்கடுக்காகக் கொசுவம் வைத்த கவுன் போட்டு, கழுத்திலும் மணிக்கட்டிலும் வெள்ளை லேஸ் தீட்டியிருந்தது தெரிந்தது. 1881 வாக்கில் தொடங்கிய படத்தைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தவர், அத்தனையையும் மறைத்துவிட்டார். நடுத்தர வர்க்கத்துப் பெண்ணை உழைப்பாளியாக்க அவருக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொன்று. வரையப்பட்டவரையும் மாடலையும் குழப்பாதீர்கள். அவருடைய 'லா லோஜ்' (1874) படத்தில் முத்துமாலையோடு நாடக அரங்கில் சீமாட்டியாக அமர்ந்திருப்பவர், உண்மையில் நினி என்ற மாடல், பாரிஸின் மோன்மார்த்ர் பகுதிக்காரர்.

சரி, எழுதுமுன் இதைச் செய்யுங்கள்: முழுப் படத்தையும் பாருங்கள். தலை, கை, கையிலிருக்கும் பொருள் என்ற வரிசையில் பாருங்கள். ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்தே ஆண்டில் பாவாடையின் வடிவம் மாறிவிடும். ஆண்களின் கறுப்புக் கோட்டை நம்பாதீர்கள், முதலாளியும் போட்டார், குமாஸ்தாவும் போட்டார். பவுலர் தொப்பியை (உருண்டை முடி கொண்ட கெட்டித் தொப்பி) கண்டதும் 'கனவான்' என்று எழுதாதீர்கள். 1849இல் லண்டனில் அது வேட்டைக்காட்டுக் காவலாளிகளுக்காகச் செய்யப்பட்டது. இன்னொரு பிரெஞ்சு ஓவியர் சோராவின் 'அஸ்னியேரில் குளிப்பவர்கள்' (1884) படத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் புல்லில் படுத்திருக்கிறார், பின்னால் ஆலைப் புகைபோக்கிகள். அவரையும் யாராவது பிரபு ஆக்கினால், கட்டுரையைப் படிக்காமலே திருப்பிவிடுவேன்.